துரை தொட்ட இரும்பு

பழைய ரிவால்வர் ஒன்றை விலை பேசுகிற இடத்தில் கதாசிரியனுக்கு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் கைமாறுகிற சரக்கில் இரும்பு கால் பங்குதான்; முக்கால் பங்கு கதை. இரும்பைப் பற்றிப் பேச ஆயுதக் கடைக்காரர் இருக்கிறார். கதையைப் பற்றிப் பேச நான் இருக்கிறேன். இருபது வருஷமாக நான் அந்தச் சரக்கைத்தான் செய்து விற்றுச் சாப்பிடுகிறேன். அதில் போலி எது என்று எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

எங்கள் பண்ணைப்புரத்திலும், கோம்பை, தேவாரம், உத்தமபாளையம் பக்கங்களிலும் இந்த வியாபாரம் கடை போட்டு நடப்பதில்லை. உரிமம் உள்ளவர்கள் சிலர். அவர்களிடம் பாட்டன் காலத்துச் சாமான்கள் சில. அவற்றை மாற்றிக்கொள்வார்கள். ரிவால்வருக்கு இரட்டைக் குழல் துப்பாக்கி, ரிவால்வருக்குத் தோப்பில் ஒரு துண்டு, ரிவால்வருக்கு மோட்டார் சைக்கிளும் மேலே கொஞ்சம் ரொக்கமும் என்று பேச்சு நடக்கும். எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும்: "இது துரை வச்சிருந்தது." அவ்வளவுதான், விலை இரட்டித்துவிட்டது. எந்தத் துரை? எந்தத் தோட்டம்? எந்த வருஷம்? கேட்கப்படாது. கேட்கிறவன் அவநம்பிக்கைக்காரன், பெரியவர்களை மதிக்காதவன்.

மேகமலையிலும், போடிமெட்டுக்கு அப்பால் மூணாறிலும் தேயிலை போட்ட வெள்ளைக்காரர்கள் மலையை விட்டு இறங்கியபோது கங்காணிக்கும் கணக்கருக்கும் எதையாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நாற்காலி கொடுத்திருப்பார்கள், கடிகாரம் கொடுத்திருப்பார்கள். சிலர் துப்பாக்கியும் கொடுத்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுத்ததாகச் சொல்லப்படும் ரிவால்வர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் மலையில் தேயிலை பறித்தவர்களைவிடத் துரைமார்கள் அதிகமாக இருந்திருக்க வேண்டும். (எங்கள் ஊரில் பிறந்தவர் இளையராஜா. நாளைக்கு இங்கே பழைய ஆர்மோனியப் பெட்டி ஒன்று விலைக்கு வந்தால் அதற்கும் ஒரு கதை கூடவே வரும். வாங்க வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.)

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. இதே மனிதர்கள் மற்ற சரக்கில் ஏமாறுகிறவர்களா? போடியில் ஏலக்காய் வியாபாரியைப் பாருங்கள். "இது நல்ல மலைக் காய்" என்று தோட்டக்காரர் எவ்வளவு உருகிச் சொன்னாலும் வியாபாரி காயை உள்ளங்கையில் கொட்டிக்கொள்கிறார். நிறம் பார்க்கிறார். ஒன்றை உரித்து உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது, எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் எவ்வளவு தங்குகிறது என்று கேட்கிறார். அப்புறம்தான் விலை. மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் எவ்வளவு ராஜ சுழியாக இருந்தாலும் வாயைத் திறந்து பல்லை எண்ணாமல் எவனும் துண்டுக்குள் விரலை நீட்டுவதில்லை. ஏலக்காய்க்கும் எருதுக்கும் உள்ள இந்தப் புத்தி, துரை என்ற சொல்லைக் கேட்டதும் எங்கே ஓடிப்போகிறது?

ரிவால்வருக்கும் பல் உண்டு, அரிசி உண்டு. பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில், குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு எண். சட்டத்திலும் குழலிலும் உருளையிலும் எண் அடித்திருந்தால் அவை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் அது இரண்டு துப்பாக்கிகளை உடைத்துச் சேர்த்த சாமான். அடுத்தது சோதனை முத்திரை. பர்மிங்ஹாமில் துப்பாக்கிக் குழல்களை அதிக மருந்திட்டு வெடித்துப் பார்த்து முத்திரை குத்துவதற்கென்றே 1813-ல் சட்டப்படி ஒரு சோதனைச் சாலை ஏற்பட்டது. கிரீடமும் எழுத்துமாகச் சின்னஞ்சிறு முத்திரைகள். அவை எந்தக் காலத்தில் எந்த உருவத்தில் இருந்தன என்பதற்குப் பட்டியல்கள் இருக்கின்றன. முத்திரை இல்லாத "இங்கிலீஷ் ரிவால்வர்" இங்கிலாந்தைப் பார்த்ததே இல்லை. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேலில் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே துப்பாக்கி செய்கிறார்கள். அபாரமான கைகள். ஆனால் பொறிக்கிற எழுத்தைப் படிக்கத் தெரியாத கை ஆங்கில 'என்' எழுத்தைத் திருப்பிப் போட்டுவிடும். அந்த ஒரு எழுத்தில் வண்டவாளம் வெளியாகிவிடும்.

பிறகு மேல்பூச்சு. புது ரிவால்வரின் கருநீலம் ஐம்பது அறுபது வருஷத்தில் உறையோடு உராய்ந்து குழல் முனையிலும் உருளையின் விளிம்பிலும் தேயும். மடிப்புகளில் அப்படியே இருக்கும். அந்தத் தேய்மானம் இயற்கை. எல்லா இடமும் ஒரே மாதிரிப் பளபளவென்று இருந்தால், எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், ஆணித் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருந்தால், யாரோ அரத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சேகரிக்கிறவர் கண்ணில் அதன் மதிப்பு அப்போதே பாதிக்கு மேல் போயிற்று.

இந்தத் தேய்க்கிற விஷயத்தில் நம்மவர்களை எவ்வளவு திட்டினாலும் எனக்கு ஆறாது. ஆயுத பூஜை வந்தால் போதும். அருவாளோடும் கடப்பாரையோடும் பெட்டியில் கிடக்கிற ரிவால்வரையும் எடுத்துப் புளி போட்டு, செங்கல் பொடி போட்டு, நாரால் தேய்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுகிறார்கள். சந்தனத்தைத் துடைத்துவிடலாம். செங்கல் பொடி கொண்டுபோன முத்திரையை எந்தச் சாமி கொடுக்கும்? ஒரு வீட்டில் வெள்ளிச் சாயமே பூசி வைத்திருந்தார்கள். "பாக்க லட்சணமா இருக்கட்டும்னு" என்றார் அந்த அம்மாள்.

சரி, ஒரு வழக்கைச் சொல்கிறேன். எனக்கு மாமா முறை ஆகிற ஒருவர், உரிமம் உள்ளவர். தோப்பில் முப்பது சென்ட்டைக் கொடுத்து ஒரு ரிவால்வரை வாங்கப் பேசியிருந்தார். நடுவில் ஒரு தரகர். மாமா என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் நான் பி.யூ.சி.யைப் போல அந்தக் காலத்து இண்டர்மீடியட் வரை படித்தவர்களின் பிள்ளை என்பதல்ல. இங்கிலீஷ் எழுத்தை எழுத்துக்கூட்டாமல் படிப்பேன் என்பதுதான். தரகர் சொன்ன கதை சாதாரணத் துரையின் கதை அல்ல. "பென்னிகுக் துரை அணை கட்டுறப்ப இடுப்புல வச்சிருந்தது" என்றார். மாமா கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

எங்கள் பள்ளத்தாக்கில் அந்தப் பெயருக்கு என்ன மரியாதை என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டார். அந்தத் தண்ணீரில் விளைந்த சோறு தின்றவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். ஜனவரி 15-ல் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். 2013-ல் லோயர் கேம்ப்பில் அரசாங்கம் மணிமண்டபமும் திறந்தது. தகும். அந்த மரியாதையை ஒரு துண்டு இரும்பில் ஏற்றி, எடை போட்டு விற்கிறானே, அவன்மேல்தான் எனக்குக் கோபம்.

ரிவால்வரைத் திருப்பிப் பார்த்தேன். மேலே தெளிவாகப் பொறித்திருந்தது: வெப்ளி அண்டு ஸ்காட் லிமிடெட், பர்மிங்ஹாம். விவகாரம் அங்கேயே தீர்ந்தது. வெப்ளி கம்பெனி ஸ்காட் கம்பெனியோடு சேர்ந்ததே 1897-ல். பெயர் 'வெப்ளி அண்டு ஸ்காட் லிமிடெட்' என்று சுருங்கியது 1906-ல். அணை முடிந்து பதினோரு வருஷத்துக்குப் பிறகு! பென்னிகுக் அதற்கு வெகு முன்பே இங்கிலாந்து போய், கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக இருந்துவிட்டு, 1911-ல் காம்பர்லியில் காலமானார். இந்த ரிவால்வர் பிறக்காத காலத்தில் அதை எப்படி இடுப்பில் வைத்துக்கொண்டு அணை கட்டினார்?

நான் இதைச் சொன்னேன். தரகர் கொஞ்சமும் அசரவில்லை. "எழுத்துல என்ன சார் இருக்கு? அப்ப பெரியவங்க சொன்னது பொய்யா?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. ஆமாம் ஐயா, பொய். இரும்பில் வெட்டின எழுத்துக்கும் வாயில் வந்த வார்த்தைக்கும் சண்டை வந்தால் எழுத்தின் பக்கம்தான் நிற்க வேண்டும். எழுத்தையே தொழிலாக வைத்திருக்கிறவன் வேறு எந்தப் பக்கம் நிற்பான்?

அந்த ரிவால்வர் மட்டமான சரக்கும் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். எண் ஒத்திருந்தது; உருளை ஆடவில்லை; .32 குழல். நம் நாட்டில் அதற்கு நல்ல விலை உண்டு. காரணம் துரை அல்ல, சட்டம். .380, .455 ரிம் தோட்டாவும் ராணுவத்து 9 மில்லிமீட்டர் தோட்டாவும் ஏற்கிற கைத்துப்பாக்கிகளைச் சாதாரண உரிமத்தில் வைத்துக்கொள்ளவே முடியாது. அவை தடை செய்யப்பட்ட வகை. உலகத்துச் சேகரிப்பாளர்கள் தேடுகிற பெரிய வெப்ளி .455 இங்கே ஒருவன் வீட்டில் இருந்தால் அது பொக்கிஷம் இல்லை, வழக்கு. ஆகவே எல்லோரும் .32-க்கு வருகிறார்கள். 1980களின் நடுவில் தனி ஆட்கள் வெளிநாட்டிலிருந்து தருவிப்பது அநேகமாக நின்றுபோயிற்று. அதனால் அதற்கு முன் வந்து சேர்ந்த வெளிநாட்டு ரிவால்வர்களே சுற்றிச் சுற்றிக் கைமாறி, சீமையில் கேட்பாரற்றுக் கிடக்கிற சாமானுக்கு இங்கே லட்சங்கள் பேசப்பட்டன. பற்றாக்குறையால் வந்த விலை அது. ரேஷன் காலத்துச் சர்க்கரை விலையைச் சர்க்கரையின் மதிப்பு என்று யாராவது சொல்வார்களா? கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலை .32 செய்கிறது, 2020 வாக்கில் வெப்ளி பெயரிலேயே உத்தரப்பிரதேசத்து ஹர்தோய் மாவட்டத்தில்.32 செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பற்றாக்குறை தளர்ந்தால் இந்த விலையும் தளரும். முப்பது சென்ட் தோப்பு திரும்பி வராது.

இனி எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். படித்த எதிர்க்கட்சி ஒன்று இருக்கிறது. "பழம்பொருள் என்றாலே கதைதானே? உலகம் முழுவதும் கதைக்குத்தானே பணம் கொடுக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் பில்லி தி கிட்டை 1881-ல் சுட்ட பாட் காரட்டின் கோல்ட் ரிவால்வர் 2021-ல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதைச் சொல்கிறார்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இருக்கிறது. அதுவும் எங்கள் எழுத்துச் சாதியைச் சேர்ந்தது.

1873 ஜூலை 10-ம் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் கவி வெர்லேன் ஒரு ரிவால்வர் வாங்கி, அன்றைக்கே தன் சிநேகிதன் ரேம்போவை மணிக்கட்டில் சுட்டார். லெஃபோஷே மாதிரி, 7 மில்லிமீட்டர். 1890-ல் ஓவியர் வான்கோ பாரீஸுக்குப் பக்கத்து ஓவேர் கிராமத்தில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். 1960களில் அந்த ஊர் வயலில் ஒரு விவசாயிக்குத் துருப்பிடித்த ரிவால்வர் ஒன்று கிடைத்தது. அதுவும் லெஃபோஷே, அதுவும் 7 மில்லிமீட்டர். ஒரே ஜாதி இரும்பு இரண்டு. வெர்லேனுடையது 2016-ல் பாரீஸில் 4,34,500 யூரோவுக்குப் போயிற்று. வயலில் கிடைத்தது 2019-ல் 1,62,500 யூரோவுக்குப் போயிற்று. முன்னதற்குப் போலீஸ் வழக்கு இருந்தது, விற்ற கடையின் ஏடு இருந்தது. பின்னதற்கு "இருக்கலாம்" என்ற ஒரு சொல்தான் இருந்தது. இதுதான் அது என்று அறுதியிட ருசு இல்லை. ஏட்டுக்கும் "இருக்கலாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே இரண்டே முக்கால் லட்சம் யூரோ! இது யாருடைய வாதத்துக்குத் துணை?

இன்னொன்று. அந்த ஏலக்காரர்கள் "இருக்கலாம்" என்பதை "இருக்கலாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் அப்படித்தான் விற்கிறேன்; என் புத்தகத்தின் அட்டையில் 'நாவல்' என்று போட்டிருக்கிறது. எங்கள் தரகர் தம் சரக்கின் மேல் அப்படிப் போடுவாரா? போட்டால் நான் அவரைச் சக தொழிலாளி என்று ஒப்புக்கொள்கிறேன்.

நம் நாட்டுக்கே வருவோம். 1928 டிசம்பர் 17-ல் லாகூரில் சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கில் பகத்சிங்கினுடையது என்று பதிவான கைத்துப்பாக்கி அமெரிக்காவில் செய்த .32 கோல்ட். அது இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் மற்றத் துப்பாக்கிகளோடு கிடந்தது. யாரும் அதன் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டதில்லை. துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புச் சாயம் பூசி வைத்திருந்தார்கள். பழைய வழக்குப் பதிவுகளில் 168896 என்று ஓர் எண் இருந்தது. 2016-ல் ஒருவர் அதைத் தேடிக்கொண்டு கிளம்பினார், சாயத்தைச் சுரண்டினார்கள், அடியில் அந்த எண் இருந்தது. யோசித்துப் பாருங்கள்: சாயம் பூசியவர்கள் அதற்கு முன்னால் அரத்தாளால் அந்த எண்ணைத் தேய்த்திருந்தால்? பகத்சிங்கின் துப்பாக்கி இன்றைக்கு வெறும் கறுப்பு இரும்பு.

நாளைக்கு நம் பக்கத்தில் எவனாவது வாஞ்சிநாதன் ரிவால்வர் என்று ஒன்றைக் கொண்டுவந்தால் இதை நினைவு வையுங்கள். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கி, பெல்ஜியத்தில் செய்தது. அதில் சுழலும் உருளை கிடையாது. அது ரிவால்வரே அல்ல. பத்திரிகைக்காரர்களும் சினிமாக்காரர்களும் கையில் அடங்குகிற எல்லாவற்றையும் ரிவால்வர் என்று எழுதிப் பழக்கிவிட்டார்கள். அந்த அலட்சியத்தில்தான் போலி பிழைக்கிறது.

துரை என்ற சொல்லுக்கே திரும்புகிறேன். லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு உரிமம் வேண்டாம், நம்மவனுக்கு வேண்டும். அப்படியானால் துரை கையிலிருந்து ரிவால்வர் கங்காணி கைக்கு முறையாக வந்த நிமிஷத்தில் ஒரு காகிதம் பிறந்திருக்க வேண்டும். அந்தக் காகிதம் எங்கே என்று கேளுங்கள். துப்பாக்கி துரை கையில் இருந்தபோது நமக்கு என்ன செய்தது என்பதற்கும் இந்தச் சீமையில் ருசு உண்டு. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பணிய மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் செத்தார்கள். அன்று சுட்ட துப்பாக்கிகளில் ஒன்று விலைக்கு வந்தால் அதற்கும் "துரை வச்சிருந்தது" என்று விலை இரட்டிக்குமா? கன்னத்தில் போட்டுக்கொள்வோமா? வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷமாகியும் அவன் கை பட்டதற்கு மேல்விலை கொடுக்கிறோம். அவனுக்கு ரிவால்வரைத் துடைத்து வைத்தவன் பெயர் நம் வீட்டுக் கதைகளில்கூட இல்லை.

பேரம் பேசுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. கை குலுக்கி மாற்றிக்கொள்ள இது கன்றுக்குட்டி இல்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமம் உள்ள ஒருவர் உரிமம் உள்ள மற்றொருவருக்குக் கொடுப்பதானால் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ வாங்குபவர் பெயர் விலாசத்தோடு முன்கூட்டி எழுதிக் கொடுத்து, நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும். சுடவே உதவாத, செப்பனிட்டாலும் சுட முடியாத பழங்காலத்துச் சாமானுக்குத்தான் சட்டத்தில் விலக்கு. அந்த விலக்குக்கு ஆசைப்பட்டு நல்ல குழலில் துளை போடுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்; சட்டத்துக்குத் தப்பினாலும் தப்பாவிட்டாலும் அவர்கள் கையில் மிஞ்சுவது பழைய இரும்பு. நூறு வருஷம் தாண்டிய பழம்பொருள் என்றாகிவிட்டால் 1972-ம் வருஷச் சட்டப்படி தனியாள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. ஆகவே பாரீஸ் விலையைப் பண்ணைப்புரத்தில் சொல்கிறவரிடம் அதைப் பாரீஸிலேயே போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாமா தோப்பைக் கொடுக்கவில்லை. தரகர் அந்த ரிவால்வரோடு கம்பத்துக்குப் போனதாகக் கேள்வி. அங்கே அது யாருடைய இடுப்பில் இருந்ததோ தெரியவில்லை.

எனக்கு அதைவிட வருத்தம் தந்தது வேறு. விற்கிற வீட்டாரிடம் பழைய உரிமப் புத்தகமோ தோட்டத்துக் கடிதமோ உண்டா என்று கேட்டனுப்பினேன். பதில் வந்தது. தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு கட்டுக் காகிதம் இருந்ததாம். இங்கிலீஷில் இருந்ததால் யாருக்கும் விளங்கவில்லையாம். போன போகிக்குப் பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்களாம். ரிவால்வரை மட்டும் பத்திரமாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கட்டில்தான் அதை யார் கொடுத்தது, யார் வாங்கியது, எந்த வருஷம் என்ற விவரமெல்லாம் இருந்திருக்கும். அவர்கள் தாத்தாவின் பெயரும் இருந்திருக்கும். இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் அப்படித் தகரப் பெட்டிகள் இருக்கின்றன. அடுத்த போகி வருவதற்குள் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவற்றைத் திறந்து காட்டுங்கள்.